தட்டில் பூஜ்ஜியம் என்றால் அறை சுத்தமா? மருந்து ஆலைகளில் நுண்ணுயிர்க் கண்காணிப்பு

ஊசி மருந்திலோ கண் சொட்டு மருந்திலோ கிருமி கலந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது: "டெஸ்ட் பண்ணித்தானே வெளியே விடுகிறார்கள், அப்புறம் எப்படி?" மருந்து ஆலைக்குள் புதிதாக வேலைக்குச் சேருபவர்களிடம் வேறொரு குழப்பம் இருக்கும். 'என்விரான்மென்டல் மானிட்டரிங்' என்றால் அறையில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது, தட்டில் ஒன்றும் வளரவில்லை என்றால் அறை சுத்தம், வளர்ந்தால் மருந்து கெட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு எண்ணங்களிலும் கொஞ்சம் உண்மை உண்டு. விட்டுப்போன பகுதிதான் நோயாளியின் உயிரோடு விளையாடுகிறது. அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

மருந்தையே சோதித்தால் போதாதா?

ஒரு தடவையில் தயாராகும் மருந்துக் குப்பிகள் மொத்தத்தையும் பேட்ச் என்பார்கள். ஒரு பேட்சில் 10,000 குப்பிகள் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ தவறு நடந்து, நூற்றுக்கு ஒரு குப்பியில் கிருமி புகுந்துவிட்டது. அதாவது 100 குப்பிகள் கெட்டவை. உடலுக்குள் நேராகச் செலுத்தும் மருந்துக்கு இது மிகப் பெரிய விபத்து.

சோதனைக்கு வழக்கமாக எடுப்பது 20 குப்பிகள். திறந்து பார்த்த குப்பி வீண்தான், அதனால் எல்லாவற்றையும் திறக்க வழியில்லை. அந்த 20 குப்பிகளில் ஒரு கெட்ட குப்பிகூட அகப்படாமல் போக வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொரு குப்பியும் நல்லதாக இருக்க வாய்ப்பு 0.99. அதை 20 முறை பெருக்கினால் சுமார் 0.82 வருகிறது. ஆக, 100 கெட்ட குப்பிகள் இருந்தும் சோதனையில் தேறிவிடும் வாய்ப்பு 82 சதவீதம். ஆயிரத்துக்கு ஒரு குப்பிதான் கெட்டது என்றால், அது தப்பிவிடும் வாய்ப்பு 98 சதவீதம்.

இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர் அப்புறம் 'டெஸ்ட் பண்ணியாச்சு' என்ற சொல்லை லேசாகச் சொல்லமாட்டார். கிருமியற்ற மருந்து என்று சொல்லத் தொழில்துறை கேட்கும் உறுதி பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் கிருமி இருக்க வாய்ப்பில்லை என்ற அளவுக்குப் போகிறது. 20 குப்பிகளைத் திறந்து பார்த்து அந்த உறுதிக்கு வரவே முடியாது. மருந்து உருவாகும் இடம், காற்று, தண்ணீர், கருவி, ஆட்கள் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வழி. அந்த வேலைக்குப் பெயர்தான் நுண்ணுயிர்க் கண்காணிப்பு.

இதில் ஒரு வேறுபாடு முக்கியம். சில மருந்துகளைக் குப்பியில் அடைத்து மூடிய பிறகு 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமிநீக்கம் செய்துவிடலாம். முன்னால் சிறு பிழை நடந்திருந்தாலும் கடைசியில் ஒரு பாதுகாப்பு உண்டு. தடுப்பூசிகள், புரத மருந்துகள் போன்ற பலவற்றுக்கு அந்தச் சூடு ஆகாது, மருந்தே சிதைந்துவிடும். அவற்றில் மருந்தைத் தனியாகவும், குப்பியையும் மூடியையும் தனியாகவும் கிருமியற்றதாக்கி, பிறகு கிருமி அண்டாத சூழலில் ஒன்றுசேர்ப்பார்கள். இதை அசெப்டிக் முறை என்பார்கள். இந்த முறையில் திறந்த குப்பியைச் சுற்றியுள்ள காற்றுதான் கடைசிப் பாதுகாப்பு.

கிருமி எங்கிருந்து வருகிறது?

இருட்டான அறையில் ஜன்னல் இடுக்கு வழியாக வெயில் விழும்போது, ஒளிக்கீற்றுக்குள் தூசு மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாராவது எழுந்து நடந்தால் அது சுழன்று எழும். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்தால் மெல்ல அடங்கும். கிருமிகள் பெரும்பாலும் காற்றில் தனியாகப் பறப்பதில்லை. அந்தத் தூசின் மேல் ஏறிக்கொண்டுதான் போகின்றன.

சரி, கட்டிடத்துக்குள் அந்தத் தூசு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் உடலிலிருந்துதான். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தோல் செதில்கள் நம்மிடமிருந்து உதிர்கின்றன. அவற்றில் பலவற்றில் பாக்டீரியா ஒட்டியிருக்கும். வேகமாக நடந்தாலும், பேசினாலும், இருமினாலும், கையை வீசினாலும் உதிர்வது கூடும். அதனால்தான் தூய அறைக்குள் போகிறவர் தலை முதல் கால் வரை மூடிய உடை, முகமூடி, கண்ணாடி, இரட்டைக் கையுறை எல்லாம் அணிகிறார். உள்ளே யாரும் அவசரப்படுவதில்லை. அங்கே வேலை செய்பவர்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல மெதுவாக அசைவார்கள். அந்த நிதானமே ஒரு கட்டுப்பாட்டு முறை.

மற்ற வழிகளும் உண்டு. அட்டைப்பெட்டிகள் பூஞ்சணத்தையும் பாக்டீரியா வித்துகளையும் சுமந்து வரும். வித்து என்றால் சில நுண்ணுயிர்கள் கெட்ட காலத்தைக் கடக்க எடுக்கும் கெட்டியான, உறங்கும் வடிவம். தண்ணீர்க் குழாய்களின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் பிசின்போல ஒரு படலம் கட்டி ஒட்டிக்கொள்ளும். இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். ஒருமுறை அது படிந்துவிட்டால் கழுவி நீக்குவது பெரும்பாடு. தண்ணீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் செத்த பிறகும் அவற்றின் உடற்சுவர்த் துண்டுகள் இரத்தத்தில் கலந்தால் கடும் காய்ச்சலை உண்டாக்கும். ஊசி மருந்துக்கான நீரில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிருமிக்கு மேல் கூடாது என்று அவ்வளவு இறுக்கமாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கடைசிச் சோதனை பெரும்பாலான பிழைகளைத் தவறவிடும். கிருமி காற்று, தண்ணீர், பொருள்கள் வழியாக வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்கள் வழியாக வருகிறது.

கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பது

ஒரு பாக்டீரியாவை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அதற்குப் பிடித்த உணவும் சூடும் கொடுத்தால் அது பெருகும், சில நாட்களில் லட்சக்கணக்கில் கூடி ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்குப் பெயர் காலனி. உணவைத் திடமாக உறைய வைக்க உதவுவது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார்.

அகார் இந்தத் துறைக்கு வந்த கதை இந்த விஷயத்தோடு நேராகவே சம்பந்தப்பட்டது. 1881-இல் ஜெர்மனியில் நுண்ணுயிரியலின் முன்னோடியான ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் காற்றிலுள்ள நுண்ணுயிர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் பயன்படுத்திய ஜெலட்டின் கோடை வெயிலில் உருகிப்போய் வேலை கெட்டது. அகாரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. சமையலில் அகாரைப் பயன்படுத்திய பழக்கத்திலிருந்து அவர் அந்த யோசனையைச் சொன்னார். ஜூலியஸ் பெட்ரி தன் பெயரால் அழைக்கப்படும் மூடியுள்ள தட்டை 1887-இல் வெளியிட்டார். இன்றைக்கும் காற்றை எண்ண அதே அகார், அதே தட்டுதான்.

இங்கே ஒரு கலைச்சொல் தேவை: சி.எஃப்.யூ. 'காலனி உருவாக்கும் அலகு' என்று பொருள். தட்டில் ஐந்து புள்ளிகள் தெரிந்தால் ஐந்து கிருமிகள் விழுந்தன என்று சொல்ல முடியாது. ஒரு தோல் செதிலில் ஒட்டிவந்த ஐம்பது பாக்டீரியாக்கள் சேர்ந்து ஒரே புள்ளியாக வளர்ந்திருக்கலாம். நமக்குத் தெரிவது, 'வளரக்கூடிய ஏதோ ஒன்று இந்த ஐந்து இடங்களில் விழுந்தது' என்பது மட்டும்தான். அதனால்தான் 'கிருமி' என்று சொல்லாமல் 'அலகு' என்று கவனமாகச் சொல்கிறார்கள்.

வளர்க்கும் பெட்டியில், அதாவது இன்குபேட்டரில், பாக்டீரியாவுக்கு 30 முதல் 35 டிகிரி வரையும், பூஞ்சைக்கு 20 முதல் 25 டிகிரி வரையும் வைப்பார்கள். முடிவு தெரியச் சில நாட்கள் பிடிக்கும். திங்கட்கிழமை அறை எப்படி இருந்தது என்பது பெரும்பாலும் அந்த வாரம் முடியும்போதுதான் தெரியவரும். இந்தத் தாமதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்படிப் பிடிக்கிறார்கள்?

மழை எவ்வளவு பெய்தது என்று அறிய ஒரு பாத்திரத்தைத் திறந்து வைப்பதுபோல, 90 மில்லிமீட்டர் அகார் தட்டைத் திறந்து வைப்பது ஒரு வழி. தானாகக் கீழே விழுவதை அது பிடிக்கும். அதிகபட்சம் நான்கு மணி நேரம் வைக்கலாம், அதற்கு மேல் போனால் காற்றில் அகார் காய்ந்து, விழுந்த கிருமியும் வளராது. இன்னொரு வழி, காற்றை உறிஞ்சும் கருவி. குறிப்பிட்ட அளவு காற்றைச் சிறு துளைகள் வழியாக இழுத்து அகாரின் மேல் மோதவிடும். 'ஒரு கனமீட்டர் காற்றில் இத்தனை' என்ற எண் கிடைப்பது இதில்தான்.

மேசை, சுவர், கதவுப்பிடி போன்ற பரப்புகளுக்கு 55 மில்லிமீட்டர் தட்டு. அதில் அகார் விளிம்புக்கு மேலே லேசாகப் புடைத்து நிற்கும், பரப்பில் அப்படியே ஒற்றி எடுக்கலாம், அதனால் இதை ஒற்றுத்தட்டு என்பார்கள். வளைந்த, இடுக்கான இடங்களுக்கு ஈரமான பஞ்சுக் குச்சி.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: ஆட்களின் விரல். வேலை முடித்து வெளியே வரும் முன் இரண்டு கைகளின் ஐந்து விரல் நுனிகளையும் கையுறையோடு அகாரில் மெல்லப் பதிக்க வேண்டும். குப்பிக்கு மிக அருகே போனது அந்த விரல்கள்தானே.

இதற்கெல்லாம் கூடவே, காற்றில் மிதக்கும் துகள்களை லேசர் கொண்டு எண்ணும் கருவியும் ஓடும். அதற்கு உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று தெரியாது. ஆனால் உடனே சொல்லிவிடும். உயிரைச் சொல்வது தட்டு, நேரத்தைச் சொல்வது துகள் கருவி. ஒன்றை வைத்து மற்றொன்றை விட்டுவிட முடியாது.

ஏ, பி, சி, டி

ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்து உற்பத்தி விதிகளில் கிருமியற்ற மருந்துகளுக்கென்று உள்ள பகுதி 'அனெக்ஸ் 1'. அதன் திருத்திய வடிவம் 2022 ஆகஸ்டில் வெளியாகி, 2023 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அது அறைகளை நான்கு தரமாகப் பிரிக்கிறது. கனமீட்டர் காற்றுக்கு டி தரத்தில் அதிகபட்சம் 200 சி.எஃப்.யூ, சி-யில் 100, பி-யில் 10. திறந்த குப்பி நிற்கும் ஏ தரத்தில் வளர்ச்சியே இருக்கக் கூடாது.

வெங்காயத்தோல்போல ஒன்றுக்குள் ஒன்றாக இவை அமைந்திருக்கும். உள்ளே போகப்போகக் காற்றழுத்தம் கூடும், கதவைத் திறந்தால் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளும். ஏ பகுதியில் நுண்வடிகட்டி வழியாக வந்த காற்று ஒரே திசையில் ஒரே வேகத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே, திறந்த குப்பிக்கு மேலே யாராவது கையை நீட்டினால், கையில் இருப்பதெல்லாம் நேராகக் குப்பிக்குள் போகும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் விஷயம் இதுதான்.

எண்ணைப் படிப்பது எப்படி?

காய்ச்சல் நோயாளியின் படுக்கையருகே தொங்கும் வெப்பநிலை அட்டையை நினைத்துப் பாருங்கள். காலையில் 99 என்ற ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மருத்துவர் எதையும் முடிவு செய்யமாட்டார். நேற்று, முந்தாநாள், அதற்கு முன் என்று கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்.

இங்கேயும் அப்படித்தான். இரண்டு எல்லைகள் உண்டு. எச்சரிக்கை எல்லையைத் தொட்டால் 'வழக்கத்திலிருந்து விலகுகிறது, கவனி' என்று பொருள். நடவடிக்கை எல்லையைத் தாண்டினால் கட்டாயம் விசாரணை நடத்தி, காரணம் கண்டு, திருத்தி, அதை எழுதி வைக்க வேண்டும். பேட்சை வெளியே விடலாமா என்ற முடிவும் அதைப் பொறுத்தது.

ஒரு சி தர அறையின் சுவரில் வாராவாரம் 2, 1, 3, 2 என்று வந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒற்றுத்தட்டுக்கான மேல் எல்லை 25. அடுத்த வாரங்களில் 6, 9, 13 என்று வருகிறது. ஒன்றுகூட 25-ஐத் தாண்டவில்லை, ஆகவே 'எல்லாம் பாஸ்' என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அந்த அறையில் ஏதோ மாறிவிட்டது. எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர் அதைக் காணமாட்டார். என் பார்வையில் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

எத்தனை என்பதோடு, யார் என்பதும் வேண்டும். தட்டைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாலே கொஞ்சம் தெரியும். குண்டூசித் தலையளவில், வழவழப்பாக, மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் மைக்ரோகாக்கஸ், தோலிலிருந்து வந்தது. உடை அணிவதையும் கையசைவையும் பார்க்க வேண்டும். அகலமாகப் பரவி, உலர்ந்து, ஓரம் கிழிந்ததுபோல இருந்தால் பேசில்லஸாக இருக்கலாம், வித்து உண்டாக்கும் வகை. முதலில் வெள்ளைப் பஞ்சாகத் தோன்றி, அப்புறம் கரும்பொடி தூவியதுபோல மாறினால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம். அட்டைப்பெட்டி, கசிந்த கூரை, ஈரமான சுவர் என்று தேட வேண்டும். கடைசி அடையாளத்தை ஆய்வகம்தான் உறுதி செய்யும்.

கிருமி யாரென்று தெரியாமல் 'நன்றாகத் துடைத்துவிட்டோம்' என்று விசாரணையை மூடுவதில் பயனில்லை. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சாதாரண பாக்டீரியாவைக் கொல்லும், வித்தை அசைக்காது. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, பெரசெட்டிக் அமிலம் போன்றவை வேண்டும். பேசில்லஸ் வந்த அறையை ஆல்கஹால் கொண்டு பத்து முறை துடைத்தாலும் வித்து அங்கேயேதான் இருக்கும்.

ஆக, எல்லை, போக்கு, அடையாளம் மூன்றையும் சேர்த்துத்தான் ஒரு தட்டைப் படிக்க முடியும்.

பூஜ்ஜியம் என்ன சொல்கிறது?

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். 55 மில்லிமீட்டர் தட்டு தொடும் பரப்பு சுமார் 24 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டர் மேசையை முழுதாகத் தொட 400-க்கும் மேற்பட்ட தட்டுகள் வேண்டும். நாம் ஒற்றுவது ஒன்றோ இரண்டோ. அதோடு, உயிரோடிருக்கும் எல்லா நுண்ணுயிரும் அகாரில் வளர்ந்துவிடாது. கிருமிநாசினியால் அடிபட்டு உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவையும் வளரத் தயங்கும். பரப்பில் மிச்சமிருக்கும் கிருமிநாசினியே தட்டில் ஒட்டி வளர்ச்சியைத் தடுத்துவிடும். இதற்காக ஒற்றுத்தட்டில் லெசித்தின், பாலிசார்பேட் போன்ற முறிப்பான்களைக் கலக்கிறார்கள்.

அதனால் பூஜ்ஜியம் என்றால், 'இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த முறையில் பார்த்தபோது வளரக்கூடியது எதுவும் சிக்கவில்லை' என்றுதான் பொருள். நூறு நாட்கள் நேர்மையாக எடுத்த பூஜ்ஜியங்கள் சேர்ந்தால் அது பெரிய ஆதாரம். ஒற்றைப் பூஜ்ஜியம் அவ்வளவு பெரிய விஷயமில்லை.

நேர்மையாக என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விரல் பதிக்கும் முன் கையுறையில் ஆல்கஹால் தெளித்துக்கொண்டால் தட்டில் ஒன்றும் வளராது. தெளிப்பது இரண்டு நொடி வேலை, யாரும் கவனிக்கமாட்டார்கள், பதிவேட்டில் அழகான பூஜ்ஜியம் ஏறும். தன் தட்டில் ஏதாவது வந்தால் விசாரணை, மறுபயிற்சி, மேலதிகாரியின் முகச்சுளிப்பு என்று பயந்துதான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். வளர்ச்சி வந்ததற்காக ஆளைத் திட்டும் இடத்தில் கண்காணிப்பு செத்துவிடும். ஏ தரத்தில் ஒரு காலனி வந்ததை மறைக்காமல் கொண்டுவந்து காட்டும் ஊழியர் அந்த ஆலைக்குக் கிடைத்த நல்ல ஆள். அவரை அப்படியே நடத்த வேண்டும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் தட்டு வளர்ச்சி காட்டினால் மருந்து கெட்டுவிட்டது என்று பொருளில்லை. டி தர அறையில் 40 சி.எஃப்.யூ இயல்பானது. ஏ தரத்தில் ஒன்று வந்தாலும் அது அந்த பேட்சையே கேள்விக்குள்ளாக்கும். எந்த இடத்து எண் என்று கேட்காமல் எண்ணை மட்டும் வைத்துப் பயப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு.

தட்டு சொன்னது, யாரும் கேட்கவில்லை

2012-இல் அமெரிக்காவில் முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியால் பூஞ்சை மூளைக்காய்ச்சல் பரவியது. மருந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருந்துக் கலவைக் கூடத்தில், அதாவது மருந்துகளைக் கலந்து தயாரித்துத் தரும் இடத்தில், தயாரானது. 20 மாநிலங்களில் 753 பேர் பாதிக்கப்பட்டார்கள், 64 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013-இல் கணக்குக் காட்டியது. பெரும்பாலானவர்களிடம் கண்டறியப்பட்டது எக்ஸெரோஹைலம் ரோஸ்ட்ராட்டம் என்ற பூஞ்சை. சாதாரணமாகச் செடிகளிலும் மண்ணிலும் வாழ்வது.

அங்கே கண்காணிப்பே இல்லை என்றுதான் இதைக் கேட்பவர்கள் நினைப்பார்கள். இருந்தது. அக்டோபரில் உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் உள்ளே போனபோது, அந்தக் கூடத்தின் சொந்தத் தட்டுப் பதிவுகளையே எடுத்துப் பார்த்தார்கள். 2012 ஜனவரி முதல் செப்டம்பர் வரை தூய அறைகளில் பாக்டீரியாவும் பூஞ்சணமும் வளர்ந்திருந்தன. கூடம் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட நடவடிக்கை எல்லையைப் பல முறை தாண்டியிருந்தன. விசாரணை நடந்ததற்கோ திருத்தம் செய்ததற்கோ எழுத்து எதுவும் இல்லை.

நோய் பரப்பிய மூன்று பேட்சுகளில் முதலாவது மே 21 அன்று தயாரானது. தட்டுப் பதிவுகள் ஜனவரியில் தொடங்குகின்றன.